ஜேர்மன் வரலாற்றறிஞர் ஒருவரின் பணிவாழ்வைத் தமிழில் எழுதும் முறை

யாழ்ப்பாணத்தில் நவீன ஐரோப்பிய வரலாற்றைக் கற்பவரும் கற்பிப்பவரும் என்றேனும் ஒரு நாள் ஜேர்மன் வரலாற்றறிஞர் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கும். அது ஒரு துறைச் சஞ்சிகைக்காக இருக்கலாம். உயர்தர வகுப்பு மாணவருக்குக் கொடுக்கும் குறிப்பாகவும் இருக்கலாம். அப்போது நம் மனத்தில் முதலில் எழுவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பார்த்துப் பழகிய பதவி ஏணிதான். விரிவுரையாளராகச் சேர்ந்தவர் சிரேஷ்ட விரிவுரையாளராகி, இணைப் பேராசிரியராகி, அதே துறையில் பேராசிரியராக உயர்ந்து ஓய்வுபெறுவதை நாம் இயல்பான போக்காகக் கொள்கிறோம். ஜேர்மனியில் அந்த ஏணி இல்லை. அங்கே ஒரு வரலாற்றறிஞரின் வாழ்க்கை மரபாக இரண்டு ஆய்வு நூல்களாலும் ஓர் அழைப்பாலும் உருவாகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு எழுதத் தொடங்கினால் பாதிப் பிழைகள் நேராமலே போய்விடும். ரைன்ஹார்ட் கொசெலெக்கின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாக வைத்து முறையை விளக்குகிறேன்.

தகவல்களைத் திரட்ட முதலில் ஜேர்மன் தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலுக்குச் செல்லுங்கள். லைப்சிக்கிலும் பிராங்பேர்ட்டிலும் இயங்கும் இந்நூலகம் நாட்டில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுச் சேர்க்கிறது. நூலின் பதிவில் ‘ட்சுக்லைஷ்’ என்ற சொல்லின் சுருக்கத்தைத் தொடர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர், ‘டிஸ்’ (கலாநிதிப் பட்ட ஆய்வு) அல்லது ‘ஹபில்’ (அதற்கு அடுத்த தகுதிக்கான ஆய்வு; கீழே விளக்குகிறேன்) என்ற குறியீடு, ஓர் ஆண்டு ஆகியவை வந்தால், அந்நூல் எங்கே, எப்போது, எந்தத் தகுதிக்கான ஆய்வாக அளிக்கப்பட்டது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். பிறகு பல்கலைக்கழகங்களின் பக்கங்களையும் அஞ்சலிக் கட்டுரைகளையும் பாருங்கள். ஜேர்மன் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. அங்கே பள்ளிப்படிப்பை முடித்த ஒன்றுவிட்ட சகோதரரோ மருமகளோ இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. மூன்று வரியை வாசித்துச் சொல்லுமாறு கேட்டால் அவர்கள் மகிழ்ச்சியுடன் உதவுவார்கள். தமது படிப்பு ஊரில் ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற நிறைவும் அவர்களுக்குக் கிடைக்கும்.

முதற்படியின் ஜேர்மன் பெயரே நம்மை வழிதவறச் செய்வது. ‘புரொமோட்சியோன்’ என்ற சொல்லைக் கண்டதும் ஆங்கிலம் அறிந்த கண் அதைப் பதவியுயர்வு என்று வாசித்துவிடுகிறது. அது கலாநிதிப் பட்டம் பெறுவதைக் குறிக்கும் சொல். அங்கே ஆய்வேட்டை வெளியிடுவதும் பட்டத்துக்குரிய கடமைகளுள் ஒன்று என்பதால், பட்டம் பெற்ற ஆண்டும் நூல் வெளிவந்த ஆண்டும் பெரும்பாலும் வேறுபடும். கொசெலெக் அறிவொளிக் காலத்தைப் பற்றிய ஆய்வுக்கு 1954இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அது நூலாக வெளிவந்தது 1959இல். இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியே எழுதுங்கள். ஆய்வை நெறிப்படுத்தியவரை ஜேர்மானியர் ‘கலாநிதித் தந்தை’ என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அதை அப்படியே பெயர்த்தால் தமிழில் ஒட்டாது. ஆனால் அச்சொல் சுமக்கும் உறவு நமக்குப் புதியதன்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையின் மாணாக்கர் என்றால் ஒருவருடைய படிப்பின் வழி முழுவதும் நமக்குப் புலப்பட்டுவிடுகிறது அல்லவா? ஆகவே ‘இன்னாரின் மாணாக்கர்’ என்று எழுதுவதே பொருத்தம்.

இரண்டாம் படியில்தான் நின்று நிதானிக்க வேண்டும். கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு, முதல் ஆய்விலிருந்து விலகிய ஒரு பொருளில், பெரும்பாலும் வேறொரு காலப்பகுதியில், இன்னொரு பெரிய ஆய்வை எழுதிப் பீடத்தின் முன் வைத்து, பேராசிரியர்கள் கூடியிருக்கும் அவையில் உரையாற்றி, அவர்களின் வினாக்களுக்கு விடையளித்துத் தேறவேண்டும். இதற்கு ‘ஹபிலிடாட்சியோன்’ என்று பெயர். இலங்கையில் இதற்கு நிகரான ஒன்று இல்லாதபடியால், இதை ‘இரண்டாவது கலாநிதிப் பட்டம்’ என்றோ ‘பின்கலாநிதி ஆய்வு’ என்றோ சிலர் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இது பட்டமன்று, பல்கலைக்கழகத்தில் சுயமாகப் பாடம் நடத்தும் உரிமை. ‘பேராசிரியத் தகுதியாய்வு’ என்று எழுதி, ஜேர்மன் சொல்லையும் ஒருமுறை தமிழ் எழுத்தில் தருவது எனக்குச் சரியாகப் படுகிறது. கொசெலெக் இந்தத் தகுதியை 1965இல் ஹைடல்பேர்க்கில், அங்கு வரலாற்றுப் பேராசிரியராக இருந்த வேர்னர் கொன்சவின் ஆதரவில் பெற்றார். அவருடைய பொருள் 1791 முதல் 1848 வரையான பிரஷ்யாவின் சட்டம், நிர்வாகம், சமூக இயக்கம் ஆகியவை. முதல் ஆய்வில் சிந்தனையாளர்களின் எழுத்துகளை வாசித்தவர் இரண்டாம் ஆய்வில் அரச ஆவணங்களுக்குள் இறங்கினார். இந்த மாற்றத்தை ஒரு வாக்கியத்திலாவது சொல்லாத குறிப்பு அவரைப் பற்றி ஒன்றும் சொல்லாத குறிப்பாகவே எஞ்சும்.

இவ்வாறு தகுதி பெற்று, இன்னும் பதவி கிடைக்காதவரை ‘பிரிவாட்டோட்சென்ட்’ என்பர். இதைத் ‘தனியார் விரிவுரையாளர்’ என்று பெயர்த்தால், தனியார் கல்வி நிலையங்களோடு வளர்ந்த நம் காதுக்கு அது ரியூசன் ஆசிரியரையே நினைவூட்டும். ‘கற்பிக்கும் உரிமை பெற்ற, நிரந்தரப் பதவியற்ற விரிவுரையாளர்’ என்று நீட்டி எழுதுவதில் குற்றமில்லை. அந்தப் பெயர் தானாகச் சம்பளம் எதையும் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாற்பது வயதைத் தாண்டியும் இந்நிலையில் காத்திருந்தவர்கள் பலர். அந்தக் காத்திருப்பும் பணிவாழ்வின் ஒரு பகுதியே.

அடுத்தது ‘ரூஃப்’, அதாவது அழைப்பு. வெற்றிடமான பேராசிரியர் இருக்கைக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டு, குழுவொன்று தெரிவுப் பட்டியல் தயாரித்த பிறகு, தெரிவானவருக்கு அழைப்பு அனுப்பப்படுகிறது. தான் படித்துத் தகுதி பெற்ற பல்கலைக்கழகத்திலேயே நேரடியாகப் பேராசிரியராவதை அங்குள்ள மரபு விரும்புவதில்லை. ஆகவே ஊர் மாறுவதே வழக்கம். கொசெலெக் 1966இல் போஹூம் நகரின் பல்கலைக்கழகத்துக்கு அரசியல் விஞ்ஞானப் பேராசிரியராகச் சென்றார். 1968இல் ஹைடல்பேர்க்குக்குத் திரும்பினார். 1970களின் முற்பகுதியில் பீலபெல்ட்டுக்குப் போய், 1988 வரை அங்கே வரலாற்றுக் கோட்பாட்டுக்கான இருக்கையை வகித்தார். நம் கண்ணுக்கு இது நிலைகொள்ளாத மனிதரின் அலைச்சலாகத் தெரியலாம். அங்கே அது மதிப்பின் அடையாளம். ஏற்க மறுத்த அழைப்புகளைக்கூட அறிஞர்கள் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவுசெய்வதுண்டு. (ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்வந்த நம்மவர்கள் பீலபெல்ட்டுக்கு அருகில் நின்றிருக்கிறார்கள், இரண்டு நகரங்களும் ஒரே ரயில் பாதையில் உள்ளன. அப்பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியது. சமூக வரலாற்றின் பெரிய மையமாக அது விரைவிலேயே வளர்ந்தது.)

இருக்கையின் பெயரையும் கவனியுங்கள். ‘நொயரெ’ வரலாறு என்றால் ஏறத்தாழ 1500க்குப் பிற்பட்ட காலம். ‘நொயெஸ்டெ’ என்றால் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிற்பட்ட காலம். இரண்டையும் ‘நவீன வரலாறு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கினால் அறிஞரின் களம் மங்கிவிடும். சமகால வரலாறு இவற்றிலிருந்து தனித்த பிரிவு. அது 1917இலிருந்து தொடங்குவதாகவும், வாழ்ந்துகொண்டிருப்போரின் காலமே அதன் களம் எனவும் ஹான்ஸ் ரொத்பெல்ஸ் 1953இல் வரையறுத்தார்.

ரொத்பெல்ஸின் பெயரைச் சொன்னதும் மிகுந்த பொறுப்புடன் எழுத வேண்டிய பகுதி வந்துவிடுகிறது. கொனிக்ஸ்பேர்க்கில் பேராசிரியராக இருந்த அவர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக நாசி ஆட்சியில் பதவியை இழந்தார். அமெரிக்கா சென்று, 1951இல் ஜேர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். கொன்சவும் மற்றொரு வரலாற்றறிஞரான தியடோர் ஷீடரும் அதே ஆட்சிக் காலத்தில் நாட்டிலேயே இருந்து பணியில் வளர்ந்தவர்கள். அக்காலத்தில் அவர்கள் எழுதியவை 1998இல் பிராங்பேர்ட்டில் கூடிய வரலாற்றாசிரியர் மாநாட்டில் கடுமையான விவாதத்துக்கு உள்ளாயின. இருவரும் அப்போது உயிருடன் இல்லை. ஆகவே 1915க்கு முன் பிறந்த எவரைப் பற்றி எழுதினாலும் 1933 முதல் 1945 வரை அவர் எங்கே இருந்தார், என்ன எழுதினார் என்று கேட்காமல் கடந்துபோகாதீர்கள். அதற்குப் பின் பிறந்தவர்களிடம் வேறு வகையான இடைவெளி இருக்கும். 1923இல் பிறந்த கொசெலெக் போர்முனைக்குச் சென்று, சோவியத் கைதியாகக் கசக்ஸ்தானின் கரகண்டாவில் இருந்து, 1947இல்தான் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கினார். போராலும் இடப்பெயர்வாலும் படிப்பு ஆண்டுக்கணக்கில் பின்தள்ளப்பட்டவர்களை நாம் அறிவோம். ஆகவே அந்த வெற்று ஆண்டுகளைத் தாமதம் என்று எழுதிவிடாமல், நடந்ததை நடந்தபடி எழுத நம்மால் முடியும்.

அண்மைத் தலைமுறையைப் பற்றி எழுதுவோர், 2002இல் இளநிலைப் பேராசிரியர் பதவி அறிமுகமானதால் ‘ஹபிலிடாட்சியோன்’ இல்லாமலும் பேராசிரியராகும் வழி திறந்தது என்பதையும், 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்த வேலைகளைப் பொதுவாகக் கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பின் ஆறு ஆண்டுகள் என வரையறுத்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இரு காலங்களையும் இணைக்கும் எடுத்துக்காட்டு ஊட்டே பிரேவேர்ட். நோயும் அரசியலும் பற்றிய ஆய்வுக்கு 1982இல் கலாநிதியாகி, இருவர் மோதும் கௌரவச் சண்டையின் வரலாற்றை எழுதி 1989இல் இரண்டாம் தகுதியையும் பெற்றார். பேர்லின், கொன்ஸ்டன்ஸ், பீலபெல்ட் ஆகிய இடங்களில் பணியாற்றிய பின் 2003இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2008இல் பேர்லினின் மக்ஸ் பிளாங்க் நிறுவனமொன்றில் பணிப்பாளராகி, உணர்வுகளின் வரலாற்றை ஆராயும் பிரிவை வழிநடத்தினார்.

ஓய்வைப் பற்றிய சொல்லிலும் கவனம் வேண்டும். பழைய முறையில் ‘எமெரிட்டியரூங்’ என்பது கற்பிக்கும் கடமையிலிருந்து விடுவிக்கப்படும் நிலை; பேராசிரியரின் உரிமைகள் தொடரும். நம்மிடத்தில் சிலருக்கு மட்டும் வழங்கப்படும் ‘தகைசார் வாழ்நாள் பேராசிரியர்’ என்ற கௌரவத்தை அதற்கு நிகராக எழுதினால், இல்லாத சிறப்பொன்றை ஏற்றியதாகிவிடும். குறிப்பை அந்த ஆண்டுடன் முடித்துவிடவும் வேண்டாம். கொசெலெக் 1988இல் ஓய்வுபெற்றார். கொன்சவுடனும் ஒட்டோ புருன்னருடனும் சேர்ந்து தொடங்கிய வரலாற்றுக் கருத்தாக்க அகராதியின் முதல் தொகுதி 1972இலும் எட்டாவதும் இறுதியுமான தொகுதி 1997இலும் வெளிவந்தன. அவர் 2006இல் காலமானார். அந்தக் கடைசிப் பதினெட்டு ஆண்டுகளுக்கு உங்கள் இரண்டு பக்கங்களில் ஒரு பந்தியாவது ஒதுக்குங்கள்.