தடுப்புத் திட்டம் எப்படி வேலை செய்தது? மீடியேஷன் பகுப்பாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016-ல் சிங்கப்பூர் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்ததிலிருந்து சமூக மன்றம், கோயில், புளோக் கீழ்த்தளம் என்று எங்கு பார்த்தாலும் ஏதாவதொரு திட்டம் நடக்கிறது. இந்தியர்களிடையே நோய் அதிகம் என்பதால் நமக்கென்றே தனியாகவும் நடத்துகிறார்கள். முடிந்ததும் முதல் கேள்வி, பலன் இருந்ததா? அடுத்தது, எதனால்?

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் மீடியேஷன் பகுப்பாய்வு. திட்டம் ஒரு பழக்கத்தை மாற்றுகிறது, அந்தப் பழக்கம் சர்க்கரை அளவைக் குறைக்கிறது. நடுவில் நிற்கும் பழக்கம்தான் மீடியேட்டர். திட்டத்திலிருந்து மீடியேட்டருக்கு ஒரு பாதை, அங்கிருந்து விளைவுக்கு இன்னொரு பாதை. இரண்டின் மதிப்பையும் பெருக்கினால் மறைமுக விளைவு. விடுபட்ட தரவு, தலைகீழாகப் பதிந்த மதிப்பெண் போன்றவற்றை உங்கள் மேலாளரே பிடித்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மொத்த விளைவு இல்லை என்றதும் கடையைக் கட்டுவது

திட்டத்துக்கும் விளைவுக்கும் நேராகத் தொடர்பு தெரிந்தால்தான் மேலே போக வேண்டும் என்பது உளவியலாளர்கள் பாரனும் கென்னியும் மீடியேஷனுக்கு 1986-ல் வகுத்த முதல் படி. அதை இன்னமும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நடைத் திட்டத்தில் சேர்ந்தவர் கூடுதலாக நடக்கிறார். நடந்துவிட்டோமே என்ற தெம்பில் வழியிலேயே இரண்டு பரோட்டா, ஒரு தே தாரிக். ஒன்று எடையை இறக்க, மற்றது ஏற்ற, கூட்டிக் கழித்தால் பூஜ்ஜியம். அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பது அந்தப் பூஜ்ஜியத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

குலுக்கிப் போட்டது திட்டத்தை மட்டும்தான்

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அண்மையில் ஒரு தம்பி தன் சிலைடைக் காட்டினான். பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பானங்களில் உள்ள சீனி பற்றி வகுப்பு; மறு பாதி காத்திருப்புப் பட்டியலில். வகுப்புக்கு வந்தவர்களில் பலர் தே ஓ கொசொங்குக்கு, அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு, மாறியிருந்தார்கள். மாறியவர்களுக்கு ரத்தச் சர்க்கரையின் நீண்டகால அளவான ஹெச்பிஏ1சி நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு பாதைகளையும் காட்டும் அம்புகளின் மேல், புள்ளியியல்படி முக்கியமானது என்பதற்கு அடையாளமாக மும்மூன்று நட்சத்திரம்.

"சீனியைக் குறைச்சதுதான் காரணம், அக்கா."

"வகுப்புக்கு வந்தவங்க எல்லாரும் மாறலையே. மாறினவங்க யாரு?"

"ஆனா குலுக்கல்லதானே பிரிச்சோம்?"

பக்கத்தில் வருகைப் பதிவை அடுக்கிக்கொண்டிருந்த தொண்டூழிய அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பலதுறை மருந்தகத்துல டாக்டர் பயமுறுத்தி விட்டவங்கதான் தம்பி சீனிய விட்டாங்க. அவங்களுக்கு மாத்திரையையும் கூட்டிட்டாங்கல்ல?"

அவ்வளவுதான் விஷயம். வகுப்புக்குப் போவது யார் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கொசொங் குடிப்பது யார் என்பதை அவரவர் தீர்மானித்தார்கள். ஆகவே முதல் அம்புக்குக் குலுக்கலின் பாதுகாப்பு உண்டு; இரண்டாவது அம்பு வெறும் கவனிப்புத் தரவு. பயமும் மாத்திரையும் சீனியையும் சர்க்கரை அளவையும் சேர்ந்தே அசைத்தால், முழுப் பெருமையும் தேநீருக்குப் போய்விடும். போதாததற்கு, மீடியேட்டரை ரெக்ரஷனில் (பல காரணிகளைச் சேர்த்து விளைவைக் கணிக்கும் சமன்பாட்டில்) சேர்த்தவுடன், மீடியேட்டர் வழியாக வராத மிச்சமான "நேரடி விளைவு" என்ற எண்ணும் கெட்டுப்போகும். அது குலுக்கலிலிருந்து வந்த எண் என்று நம்பி அறிக்கையில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அந்த அறிக்கையை வைத்துத்தான் அடுத்த ஆண்டுப் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுப்பார்கள்.

"அப்போ மாத்திரையையும் ரெக்ரஷன்ல போட்டுடறேன்" என்றான் தம்பி. வகுப்பு தொடங்கும் முன்பே கூட்டப்பட்ட மாத்திரையென்றால் போடலாம், போடவும் வேண்டும். இங்கே சிக்கல் வேறு. வகுப்பிலேயே "போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்திரை கூடியதே ஓரளவு திட்டத்தின் விளைவு. அதை நிலைநிறுத்தினால் திட்டத்தின் ஒரு பகுதியையே வெட்டி எறிகிறீர்கள். விட்டுவிட்டால் தேநீரின் கணக்கு தப்பு. இந்த நிலையில் சாதாரண ரெக்ரஷன் எதுவும் காப்பாற்றாது. சீனி, மாத்திரை இரண்டையும் ஒரே கட்டாக மீடியேட்டராக எடுத்து, "இந்த இரண்டின் வழியாக இவ்வளவு" என்று சொல்வது நேர்மையான வழிகளில் ஒன்று.

மறைந்திருக்கும் காரணி எவ்வளவு பெரிதாக இருந்தால் உங்கள் முடிவு கவிழும் என்பதையும் கணக்கிட்டுக் காட்டுங்கள். இமாய், கீல், டிங்லி மூவரும் 2010-ல் அதற்கு ஒரு முறையைக் கொடுத்தார்கள். ஆர் மென்பொருளின் 'மீடியேஷன்' தொகுப்பில் 'மெட்சென்ஸ்' என்று ஒரே கட்டளையாக இருக்கிறது. ஆனால் அது திட்டத்துக்கு முன்பே இருந்த மறைகாரணிகளுக்குத்தான். மாத்திரைக் கதைக்குச் செல்லாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன்பே, அந்தத் தொண்டூழிய அம்மாவைப் போன்ற ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். எதை அளக்க மறந்தீர்கள் என்பது கணினியில் தெரியாது.

மீடியேட்டரையும் விளைவையும் ஒரே நாளில் அளப்பது

எது முன்னால், எது பின்னால் என்று எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது. ஹெச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. பழக்கம் மாறிய மறு வாரமே ரத்தம் எடுத்தால் பழைய பழக்கத்தைத்தான் அளக்கிறீர்கள்.

சோபெல் சோதனை

மறைமுக விளைவு மணி வடிவில் பரவும் என்று எடுத்துக்கொண்டு அதைச் சோதிப்பது இது. ஆனால் இரண்டு மதிப்பின் பெருக்கல் பெரும்பாலும் மணி வடிவில் பரவாது. உங்கள் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்ட்ராப் போடுங்கள்.

"விளைவில் 63 சதவீதம் இதன் வழியாக" என்று எழுதுவது

சிறிய மாதிரியில் அந்தச் சதவீதம் ஆடும் ஆட்டத்தைச் சொல்லி மாளாது, 100-ஐயும் தாண்டும். 500 பேராவது இல்லையென்றால் எழுதாதீர்கள்.

சமூக மன்றம் சமூக மன்றமாகக் குலுக்கிவிட்டு, தலையை எண்ணுவது

ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுகிறார்கள். வகுப்புக்கு 20 பேர், ஒரே வகுப்பினர் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவான உள்தொடர்பு 0.05 என்று வைத்தால்கூட மாறுபாடு 1.95 மடங்காகும், உங்கள் 200 பேர் 103 பேருக்குச் சமம். ஆளையும் வகுப்பையும் தனித்தனி நிலையாகக் கணக்கில் எடுக்கும் பலநிலை மாதிரி போடத் தெரியவில்லையென்றால் தெரிந்தவரைக் கேளுங்கள், திட்டம் தொடங்கும் முன்பே.