ஊருணி மனுவுக்கு ஏஐ: கணக்குப் பார்த்துச் செய்யும் முறை

கானாடுகாத்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் ஓய்வுக்கால வேலை. இப்போது இளைஞர்கள் செல்பேசியை நீட்டி, "ஏஐயே எழுதிவிடும் ஐயா" என்கிறார்கள். எழுதட்டும். ஆனால் ஊரின் மழைநீர்க் குளமான ஊருணிக்காக, காலநிலை பற்றி எழுதும் மனு என்றால், அதை எழுதும் இயந்திரத்தின் மின்சார, தண்ணீர்ச் செலவையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் தொடங்கும் இடத்திலிருந்து ஊருணிக் கரை வரை நடந்துவிடுங்கள். மண் மேடிட்ட இடம், சீமைக்கருவேலம் அடைத்த இடம், பாலத்தடியில் குப்பை சேர்ந்த இடம் எல்லாவற்றையும் தாளில் குறியுங்கள். ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழுந்த மழைநீர் கிடாரங்கள் என்னும் பெரிய பாத்திரங்களை நிறைத்து, மிச்சம் எந்தத் தெரு வழியாக ஊருணிக்குப் போனது என்று ஆச்சிமாரைக் கேளுங்கள். அந்தத் தடம் எந்த இயந்திரத்திலும் இல்லை. புல எண்ணை, கிராம நிலங்களின் பதிவேடான அ-பதிவேட்டைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். இல்லாத எண்ணை ஏஐ கூசாமல் எழுதிவிடும்.

பிறகு எல்லாக் குறிப்புகளையும் சேர்த்து ஒரே தடவையில் கேளுங்கள். தன் ஏஐயான ஜெமினியில், எழுத்தில் கேட்கும் ஒரு வழக்கமான கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் தண்ணீரும் ஆவதாக 2025-இல் கூகுள் சொன்னது. ஐந்து சொட்டுத்தான், ஆனால் ஏஐயை முதலில் பயிற்றுவித்த செலவு அதில் சேரவில்லை. சொட்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது: ஏஐ போன்ற கணினிச் சேவைகள் ஓடும் தரவு மையங்கள் உலகம் முழுவதும் 2024-இல் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரம் செலவழித்தன, 2030-இல் அது சுமார் 945 ஆகலாம். எனவே, மனுவை அலங்கரிக்க ஏஐ வரைந்த ஊருணிப் படம் வேண்டாம். வெடித்துக் கிடக்கும் தரையைச் செல்பேசியில் எடுங்கள், போதும்.

மனுவில் மூன்று கோரிக்கைகள் இருக்கட்டும். ஒன்று, தூர்வாருதல். இரண்டு, மழை முன்னறிவிப்பு. 2025-இல் மத்திய வேளாண் அமைச்சகம் ஏஐ கணித்த பருவமழைத் தகவலைச் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. ஏஐக்குச் செலவழிக்கும் மின்சாரத்துக்கு இதைவிட நல்ல பலன் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக்கு. நம் ஊருணி நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழைக்கும் அப்படி ஒரு தகவல் வேண்டும் என்று கேளுங்கள். மூன்று, மாநிலத்தில் அமையும் ஒவ்வொரு தரவு மையமும் ஆண்டுதோறும் செலவழிக்கும் தண்ணீர், மின்சாரத்தின் கணக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே கொடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் மூன்று கோரிக்கைகளும் ஏறியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.