200 டொலர் ஸ்பீக்கர் ஹட்டனுக்கு வந்து சேரும்போது என்ன விலை?

வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு சோடி ஸ்பீக்கர் 200 டொலர் என்று போட்டிருக்கிறான். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 60,000. அதே சாமானுக்குக் கொழும்பில் கேட்டால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். கடைக்காரர் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சில வருடங்களுக்கு முன் அந்தக் கோபத்தில் ஒரு சின்ன அம்ப்பை, அதாவது ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் அம்ப்ளிஃபையரை, நானே வெளியிலிருந்து வரவழைத்தேன். வரி என்றால் ஏதோ ஒரு சதவீதம், கட்டிவிட்டு எடுத்துவரலாம் என்ற நினைப்பு. பார்சல் கொண்டுவந்த நிறுவனத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் நாலு வரி இருந்தது, நாலுமே வரி. அதற்குக் கீழே அவர்களுடைய கிளியரிங் கட்டணம். கட்டுவதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களுக்கு வாடகை வேறு. கடைசியில் கொழும்பு விலையைவிட என் கையைவிட்டுப் போனதுதான் கூட.

அதற்குப் பிறகு எதை வாங்குவதென்றாலும் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதலில் வேண்டியது எச்.எஸ். குறியீடு. உலகம் முழுக்க சுங்கத்தில் பொருட்களை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான், முதல் ஆறு இலக்கமும் எல்லா நாட்டிலும் ஒன்றே. ஒலிச் சாமான்களில் பெரும்பகுதி 8518 என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்தால் 8518.21, ஒரே பெட்டிக்குள் கனத்த ஒலிக்கு வூஃபரும் கீச்சு ஒலிக்கு ட்வீட்டரும் என்று ஒன்றுக்கு மேல் இருந்தால் 8518.22, பெட்டி இல்லாமல் ஒலி எழுப்பும் பாகம் மட்டும், அதாவது வெறும் ட்ரைவர், 8518.29, ஹெட்ஃபோன் 8518.30, அம்ப்ளிஃபையர் 8518.40, உதிரிப்பாகம் 8518.90. இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் 8519-க்குப் போய்விடும், ரேடியோ சேர்ந்த செட் 8527-க்கு. இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் இறக்குமதித் தீர்வை வழிகாட்டி இருக்கிறது, 85-ஆம் அத்தியாயத்தைத் திறந்து உங்கள் எண்ணுக்கு நேரே என்னென்ன வீதம் போட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீதங்கள் வர்த்தமானி மூலம் மாறுகிறவை. போன வருடம் யாரோ சொன்ன வீதத்தை நம்பி இந்த வருடம் காசு அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது, சுங்கம் வரி போடுவது நீங்கள் கடைக்குக் கட்டிய விலைக்கு மட்டுமில்லை. பொருளின் விலை, காப்புறுதி, இங்கே கொண்டுவரும் கூலி மூன்றையும் கூட்டி வருவதுதான் அடிப்படை. இதைத்தான் சி.ஐ.எஃப். பெறுமதி என்பார்கள். என் அம்ப் விஷயத்தில் நான் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே சொன்ன ஸ்பீக்கரையே எடுப்போம். சாமான் 200 டொலர், பாரம் கூடியது என்பதால் விமானக் கூலியும் காப்புறுதியும் 120 டொலர் என்று வையுங்கள். மொத்தம் 320 டொலர், 96,000 ரூபா. சுங்க இறக்குமதி வரியைக் கணக்குக்காக 20 சதவீதம் என்று எடுத்தால் 19,200. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 10 சதவீதம், 9,600. அடுத்தது வற், அதாவது பெறுமதி சேர் வரி. இதற்கு சி.ஐ.எஃப். பெறுமதியோடு அதன் பத்து சதவீதத்தையும் கூட்டி, மேலே சொன்ன இரண்டு வரியையும் அதன் மேல் ஏற்றி, அந்தக் கூட்டுத்தொகை 134,400-க்கு 18 சதவீதம் போடுவார்கள். வருவது 24,192. சமூகப் பாதுகாப்பு வரி இரண்டரை சதவீதத்தையும் அதே தொகைக்குப் போட்டால் 3,360. மொத்த வரி 56,352 ரூபா. வரிக்கும் வரி கட்டுகிறோம் என்று நம் ஆட்கள் புலம்புவது சும்மா இல்லை. சில பொருட்களுக்கு செஸ் என்று இன்னொன்றும் உண்டு, உங்கள் எண்ணுக்கு நேரே அது இருந்தால் அதையும் சேருங்கள்.

ஆக 60,000 ரூபா ஸ்பீக்கர் கைக்கு வரும்போது 152,352. கிளியரிங் கட்டணம் தனி. தேயிலைத் தோட்டத்தில் 2024-ல் முடிவான ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாவை வைத்துப் பார்த்தால் 113 பேர், அதாவது 113 நாள் சம்பளம். நம் வீடுகளில் எந்தப் பெரிய செலவையும் அம்மா இப்படித்தான் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பார், அந்தப் பழக்கம் எனக்கும் விடவில்லை.

அந்த 56,352-க்குள் கூலிக்கு மட்டும் விழுந்த வரி எவ்வளவு தெரியுமா? 36,000 ரூபாக் கூலிக்கு 21,132. பாட்டுப் பாடாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு விமானப் பயணத்துக்கு அவ்வளவு வரி.

இப்போது அதே வீதங்களில் ஒரு டாக்கை எடுங்கள், கம்ப்யூட்டரில் இருந்து வரும் டிஜிட்டல் பாட்டை அம்ப்புக்குக் கொடுக்கும் அந்தச் சின்னப் பெட்டி. 80 டொலர், தபால் கூலி 10 டொலர். சி.ஐ.எஃப். 27,000 ரூபா, வரி 15,849, மொத்தம் 42,849. அசல் விலையான 24,000-ஐப்போல ஒன்றே முக்கால் மடங்கு. ஸ்பீக்கரோ இரண்டரை மடங்கு. வீதம் ஒன்றுதான், பாரம்தான் வித்தியாசம். அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: பாரமானதை இங்கேயே வாங்குங்கள், சட்டைப் பையில் போடக்கூடியதை வேண்டுமானால் வெளியிலிருந்து எடுங்கள். ஸ்பீக்கர், சப்வூஃபர், பெரிய ட்ரான்ஸ்ஃபோர்மர் வைத்த அம்ப் எல்லாம் கொழும்பிலேயே. கடைக்காரர் கொள்கலனில் நூறு சோடியாக இறக்குவதால் ஒரு சோடிக்கு விழும் கூலி கொஞ்சம்தான், அந்தக் கூலிக்கு விழும் வரியும் கொஞ்சம்தான். டாக், இயர்ஃபோன், டர்ன்டேபிளின் ஊசி, ட்ரைவருக்குள் அதிரும் மெல்லிய சவ்வான டயஃப்ரத்துக்கு மாற்று போன்றவை தபாலில் வந்தால் கட்டுப்படியாகும்.

இதற்குள் ரூபாவின் பெறுமதியும் ஒளிந்திருக்கிறது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது, சில மாதத்தில் 360-ஐத் தொட்டது. வரிகள் எல்லாம் சதவீதம் என்பதால் டொலர் ஏறினால் வரியும் அதே அளவு ஏறும். வற்றும் சும்மா இருக்கவில்லை: 2022 ஜூனில் 8-லிருந்து 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. 2022 ஆகஸ்டில் முந்நூறுக்கு மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியதும் நினைவிருக்கும். அந்த நேரம் ஸ்பீக்கர் வாங்குவதைப்பற்றி யார் யோசித்தார்கள், காஸ் வரிசையில் அல்லவா நின்றோம். ஆனால் இப்போதும் கடையில் ஒரே மாடலுக்கு இரண்டு விலை கிடைப்பதற்கு இதுதான் காரணம், பழைய டொலரில் இறக்கிய ஸ்டொக் ஒரு கடையில் இருக்கும், புதியது இன்னொன்றில். நாலு கடை ஏறி இறங்கினால் வீண் போகாது.

அமெரிக்க வரி பற்றியும் கேட்கிறார்கள். 2025-ல் இலங்கைக்கு 44 சதவீதம் என்று அறிவித்துப் பிறகு 20-க்குக் குறைத்தார்களே, அது இங்கிருந்து அங்கே போகும் பொருளுக்கு, கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். நாம் வாங்கும் ஸ்பீக்கருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு வழியில் நம்மையும் தொடும். சீனாவில் செய்த ஸ்பீக்கரை அமெரிக்கக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தால், சீனச் சாமானுக்கு அமெரிக்கா போட்ட வரி அந்தக் கடை விலைக்குள்ளேயே கரைந்திருக்கும். அந்த விலைக்கு மேல் நம் சுங்கமும் போடும். இரண்டு நாட்டுக்கு வரி கட்டி ஒரு செட் வாங்க வேண்டுமா? பெட்டியின் பின்னால் எங்கே செய்தது என்று பார்த்து, அங்கிருந்தோ சிங்கப்பூர் போன்ற இடத்திலிருந்தோ நேரே அனுப்பும் கடையைத் தேடுங்கள்.

“அன்பளிப்பு என்று எழுதிப் பத்து டொலர் போட்டு அனுப்பவா” என்று சில விற்பனையாளர்கள் தாங்களே கேட்பார்கள். வேண்டாம். சுங்க அதிகாரிக்கும் இணையம் இருக்கிறது, மாடல் எண்ணைத் தட்டினால் விலை தெரிந்துவிடும். பிடிபட்டால் தண்டம். பிடிபடாமல் போய், பெட்டி உடைந்து வந்தால் காப்புறுதி தருவதும் அந்தப் பத்து டொலர்தான்.

ஊருக்கு வரும் உறவினர் கையில் கொடுத்து அனுப்பச் சொல்வது நம் பக்கத்தில் பழைய வழி. வெளிநாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, அங்கே இருந்த காலத்தைப் பொறுத்துச் சுங்கச் சலுகை உண்டு, கட்டுநாயக்கவில் வந்திறங்கும் இடத்திலுள்ள தீர்வையற்ற கடையிலும் வாங்கலாம். ஆனால் ஒன்று, மச்சான் மூன்று வருடம் வெயிலில் உழைத்துச் சம்பாதித்த சலுகை அது. வீட்டுக்கு ஃப்ரிட்ஜோ வோஷிங் மெஷினோ தேவையா என்று முதலில் கேட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் உங்கள் சவுண்ட்பாரைப் பற்றி வாய் திறங்கள். டுபாய், கட்டார் சாமானில் இன்னொரு வசதி, அங்கேயும் மின்சாரம் நம்மைப்போலத்தான், சதுர ஊசிப் ப்ளக்கும் இங்குள்ள சதுர ஊசிச் சொக்கெட்டில் அப்படியே பொருந்தும்.

1964-ல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தோடு இந்தியாவுக்குப் பிரிந்துபோன சொந்தக்காரர்கள் நீலகிரிப் பக்கமும் திருச்சிப் பக்கமும் இருக்கிறார்கள் அல்லவா, அங்கிருந்து எடுத்தால் வரி இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகைக்கு இந்தியாவில் செய்த பொருள் என்ற மூலச் சான்றிதழ் வேண்டும், கோயம்புத்தூர்க் கடையில் வாங்கிய சீன ஸ்பீக்கருக்கு அது கிடைக்காது. ஒரே ஒரு சோடிக்காக அந்தக் கடதாசி வேலை பார்ப்பதற்குள் பொங்கல் இரண்டு போய்விடும்.

ஜப்பானில் இருந்து வரும் பழைய அம்ப்கள் இங்கே மலிவாகக் கிடைக்கும், நல்ல சாமான்கள்தான். ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230-இல் நேரே செருகினால் ஒரு வாசம் வரும், அதோடு சரி. வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் ஒன்றின் விலையையும் சேர்த்துத்தான் மலிவா இல்லையா என்று பாருங்கள்.

கொழும்பில் என்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. நம்ம பையன்கள் நிறையப் பேர் அங்கே கடைகளில் வேலை செய்கிறார்கள், உங்கள் தோட்டத்திலிருந்தே யாராவது இருப்பார்கள். போகுமுன் ஒரு கோல் எடுத்தால் எந்தக் கடையில் உண்மையான ஏஜென்ட் உத்தரவாதம், எந்தக் கடையில் வெறும் கடை சீல் என்று சொல்லிவிடுவார்கள். உத்தரவாதம் முக்கியம், ஏனென்றால் தானே வரவழைத்த சாமான் பழுதானால் திருப்பி அனுப்பும் கூலி உங்களுடையது, ஆவணம் ஒழுங்காக இல்லாவிட்டால் திரும்பி வரும்போது மறுபடியும் வரி கேட்பார்கள்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் வெறும் ட்ரைவரை வாங்கிப் பெட்டியை ஊரிலேயே செய்வது இன்னும் மலிவு. வரி கட்டிக் கப்பலேறி வரும் பாரத்தில் பெரும்பகுதி மரப்பெட்டிதானே, அந்த மரத்தை ஏன் சீனாவிலிருந்து கொண்டுவர வேண்டும்? தச்சு பாஸிடம் அளவைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துத் தருவார். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மட்டும் வேண்டாம், நுவரெலியா, ஹட்டன் ஈரத்துக்கு ஓரம் உப்பிவிடும். மெரீன் ப்ளைவுட் போட்டு உள்ளேயும் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் முன்னால் கூம்பு போல இருக்கும் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஸ்பொஞ்ச் என்றால் நம் குளிரிலும் மூடுபனியிலும் பல வருடம் இருந்தது கையோடு பொடியாக வரும். புதிதாக வாங்குகிறவர்கள் அட்டைப் பெட்டியையும் பில்லையும் எறியாதீர்கள். வரி இப்படி இருக்கும்வரை பாவித்த செட்டுக்கு இங்கே நல்ல விலை உண்டு, நான் அந்த அம்ப்பை இரண்டு வருடம் கேட்டுவிட்டு விற்றபோது போட்ட காசில் பெரும்பகுதி திரும்ப வந்தது, பெட்டியோடு இருந்ததால்தான் வந்தது.