புளூட்டோவும் நெப்டியூனும்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலோ தக்கலையோ மார்த்தாண்டமோ, பள்ளி அறிவியல் கண்காட்சியில் சூரியக் குடும்பப் படம் தொங்கினால் அதில் புளூட்டோவின் பாதை நெப்டியூனின் பாதையை வெட்டிக்கொண்டு போகும். "ஒருநாள் ரெண்டும் மோதிராதா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். மிக நல்ல கேள்வி. "அதெல்லாம் ரொம்பத் தூரம்" என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் முதல் தவறு.

தட்டையான தாளில் மட்டும்தான் அந்தக் கோடுகள் வெட்டுகின்றன. புளூட்டோவின் பாதை சுமார் 17 பாகை சாய்ந்தது. சூரியனை நெருங்கும்போது அது கோள்களின் தளத்துக்கு வெகு மேலே இருக்கிறது. அதைவிட முக்கியம் நேரக்கணக்கு. நெப்டியூனுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 165 ஆண்டு, புளூட்டோவுக்கு 248. நெப்டியூன் 3 சுற்று முடிக்கும் காலத்தில் புளூட்டோ 2 சுற்று முடிக்கிறது. இதுதான் சுற்றுப்பாதை ஒத்ததிர்வு. 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகே இருந்தது. அப்போதும் நெப்டியூன் வெகு தொலைவில்தான் இருந்தது. புளூட்டோ உள்ளே வரும்போதெல்லாம் நெப்டியூன் ஏறக்குறைய கால்வட்டம் முன்னோ பின்னோ தள்ளி இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 17 வானியல் அலகுக்குக் (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) குறைவதில்லை. யுரேனஸைத்தான் புளூட்டோ இதைவிட நெருங்குகிறது, சுமார் 11 அலகு வரை! நெப்டியூனை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அதை ஒட்டிப் புளூட்டோ எங்கெங்கே போகிறது என்று வரையச் சொல்லுங்கள். நெப்டியூனுக்கு இருபுறமும் கால்வட்டம் தள்ளி இரண்டு வளையங்கள் விழும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு படம் போதும்.

3:2 என்று வெறுமனே எழுதாதீர்கள். யாருக்கு 3, யாருக்கு 2 என்று சேர்த்தே எழுதுங்கள்.

இதைத் தற்செயல் என்று சொல்வதும் தவறு. நெப்டியூன் ஆதியில் சூரியனுக்கு இன்னும் அருகே இருந்து மெல்ல வெளியே நகர்ந்தபோது புளூட்டோவை இந்தத் தாளத்துக்குள் பிடித்தது என்று 1993-இல் விளக்கியவர் இந்தியாவில் பிறந்த வானியலாளர் ரேணு மல்ஹோத்ரா. ஓர்க்கஸ் உட்படப் பல பனிப்பொருள்கள் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டையில் இதே 3:2 தாளத்தில் சுற்றுகின்றன. நம் பிள்ளைகள் இவர் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒத்ததிர்வு எப்போதும் காப்பாற்றும் என்று நினைக்கவும் கூடாது. சிறுகோள் பட்டையில், வியாழன் 1 சுற்று முடிக்கும் காலத்தில் 3 சுற்று முடிக்கும் கணக்கில் மாட்டியவை வெளியே வீசப்பட்டு, அங்கே இடைவெளியே விழுந்திருக்கிறது.

ஓரளவு தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: காலங்களை வகுத்து, விடை முழு எண் விகிதத்துக்கு அருகே வந்ததும் ஒத்ததிர்வு என்று முடிவுகட்டுவது. வியாழன் 5 சுற்று, சனி 2 சுற்று என்ற கணக்குக்கு இரண்டும் மிக அருகில் உள்ளன. ஆனால் ஒத்ததிர்வில் இல்லை. ஒத்ததிர்வு என்றால், இரண்டு பொருள்களும் எந்த இடத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன என்பதைக் காட்டும் கோணம் முழுவட்டம் சுற்றிவிடாமல் ஒரு நிலையை ஒட்டி ஊசலாட வேண்டும். புளூட்டோவுக்கு அந்த ஊசல் 180 பாகையை, அதாவது அது சூரியனுக்கு மிகத் தொலைவாக இருக்கும் இடத்தை ஒட்டி, ஒருமுறை ஆடச் சுமார் 20,000 ஆண்டு. கோஹன், ஹப்பர்ட் என்ற ஆய்வாளர்கள் 1,20,000 ஆண்டுப் பாதையைக் கணினியில் கணக்கிட்டு, 1965-இல் இதை வெளியிட்டார்கள். புதிதாகக் கண்டுபிடித்த பொருளைச் சில இரவுகள் மட்டுமே பார்த்திருந்தால் அதன் சுற்றுக்காலமே உறுதியாகத் தெரியாது; அதுவரை "ஒத்ததிர்வில் இருக்கலாம்" என்றே எழுதுங்கள்.