மரநாயைப் பிடித்த கமரா

கிளிநொச்சியில் எங்கள் வளவில் கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, அசைவு கண்டால் காணொளி பதியும் 'மோஷன்' என்ற இலவச மென்பொருளோடு ஒரு கமராவைக் கூட்டை நோக்கிப் பூட்டினேன். முதல் இரவிலேயே நூற்றுக்கணக்கான கிளிப்புகள். எல்லாம் சோளகக் காற்றில் ஆடும் தென்னோலை! "தம்பி, இதுக்கு நாயே போதுமே" என்றார் அம்மா.

பிழை என்னுடையதுதான். எத்தனை பிக்சல் (படப் புள்ளி) மாறினால் அசைவு என்று கொள்வது என்பதை 'த்ரெஷோல்ட்' என்ற அமைப்பு சொல்கிறது. அது இயல்பாக 1500. என் படமோ 1280க்கு 720, அதாவது 9,21,600 பிக்சல். 1500 அதில் 0.2 சதவீதம்கூட இல்லை. ஓலை நுனி ஆடினாலே போதும். 4000 ஆக்கினேன்.

அதைவிட உதவியது மாஸ்க். கமராப் படம் ஒன்றை எடுத்து, தென்னை வரும் பகுதியைக் கறுப்பாலும் மற்றதை வெள்ளையாலும் நிரப்பி, அதே அளவில் பிஜிஎம் என்ற வகைப் படக்கோப்பாகச் சேமித்தேன். கறுப்புப் பகுதியில் என்ன ஆடினாலும் மென்பொருள் கண்டுகொள்ளாது. முதல் தடவை அளவு மாறிப்போய் ஒரு மாலை வீண்.

அப்புறம், தொடர்ந்து மூன்று ஃபிரேமில் (காணொளியின் தனிப்படத்தில்) அசைவு இருந்தால் மட்டும் பதியச் சொன்னேன். அசைவுக்கு முந்தைய சில ஃபிரேம்களையும் சேர்க்க வைத்தேன். இல்லாவிட்டால் வால் மட்டும்தான் தெரியும். ஓர் அசைவு நின்றபின் 60 விநாடி காத்திருப்பதை 20 ஆகக் குறைத்ததும் கிளிப்புகள் பார்க்கச் சுருக்கமாயின.

மூன்றாம் இரவு ஏழே கிளிப்புகள். ஐந்தாவதில் மரநாய், கூட்டுக் கூரையின் கிடுகை விலக்கிக்கொண்டிருந்தது. விடிந்ததும் கூரைக்குக் கம்பிவலை அடித்தேன்.