ஒயின் திராட்சைக்கு இடம் பார்ப்பது எப்படி?

கன்று வாங்கும் முன் நிலத்தில் ஓர் இரவு நின்று பாருங்கள். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அது தெரியாமல் நான் அடிவாரத்தில் நட்டேன். ஒரே உறைபனியில் துளிரெல்லாம் கருகி, விரல் பட்டாலே உதிர்ந்தது. நடுச்சரிவுதான் பாதுகாப்பு.

பூமத்திய ரேகைக்கு வடக்கே, குளிர்ப் பகுதி என்றால் வெயில் அதிகம் விழும் தெற்குப் பார்த்த சரிவு நல்லது. ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 50 பாகை வடக்கில் இருந்தும் அங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை பழுக்கிறது. செங்குத்துச் சரிவும், பகல் வெயிலை இரவுக்குச் சேர்த்து வைக்கும் சிலேட்டுக்கல்லும் அதற்குக் கைகொடுக்கின்றன.

வெப்பப் பகுதியா? உயரத்துக்குப் போங்கள், இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காக்கும். மண் கொழுத்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், இலைதான் மண்டும். அப்புறம், குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால், சரி, வேறு இடம் பார்க்கலாம்.