கேர்னல் மாறியதும் நெற்வேர்க் காட் இடம்மாறினால்

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒரு பாடசாலைக் கணினி அறை. லினக்ஸ் சேவரில் இரண்டு நெற்வேர்க் காட்: ஈத்0 ரவுட்டருக்கு, ஈத்1 மாணவர்களின் சுவிட்சுக்கு. கரண்ட் போய் வந்த பிறகு ஒன்றுக்கும் இணையம் இல்லை. சேவரிடமிருந்து முகவரி கிடைக்காததால் விண்டோஸ் கணினிகள் 169.254 எனத் தொடங்கும் முகவரியைக் காட்டுகின்றன. மின்னலில் காட் எரிந்துவிட்டது என்று புதியது வாங்க ஓடவேண்டாம். தானாக நிறுவப்பட்ட புதிய கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), சேவர் மீளத் தொடங்கும்போதுதான் வேலைக்கு வரும். கேர்னல் இறங்கியது ஒரு நாள், கோளாறு தெரிந்தது இன்னொரு நாள். பழி மின்னலில் விழுகிறது.

ஈத்0 என்பது காட்டின் சொந்தப் பெயரல்ல. கேர்னல் முதலில் கண்ட காட்டுக்கு 0, அடுத்ததற்கு 1. ட்ரைவர்கள் (காட்டை இயக்கும் மென்பொருள்கள்) ஏறும் ஒழுங்கு மாறினால் பெயரும் மாறும். கேபிளை மாற்றிச் செருகினால் அன்றைக்குச் சரிவரும், நிலைக்காது.

படி 1: சேவருக்கு மொனிட்டரும் கீபோட்டும் பூட்டி, பக்கத்தில் இருந்தே செய்யுங்கள். வவுனியாவிலிருந்து தொலைவழியாகச் செய்தால் பாதியில் தொடர்பு அறுந்துவிடும்.

படி 2: 'ஐபி லிங்க்' கட்டளை இரண்டு காட்டின் மாக் முகவரிகளையும் (காட்டிலேயே பதிந்து வரும் அடையாள எண்) தரும். எது எந்தக் காட் என்றறிய, 'ஈத்டூல்' கட்டளையோடு சிறிய 'பி' தெரிவைக் கொடுங்கள். அந்தக் காட்டின் விளக்கு மினுங்கும். மினுங்காவிட்டால் ஒரு கேபிளைக் கழற்றி, எது இணைப்பிழக்கிறது என்று பாருங்கள். எழுதிச் சேவரிலேயே ஒட்டிவிடுங்கள்.

படி 3: 'ஈடிசி' அடைவில் 'சிஸ்டம்டி', அதற்குள் 'நெட்வொர்க்'. அங்கே காட்டுக்கு ஒரு கோப்பு. பெயர் 10 எனத் தொடங்கி '.லிங்க்' என முடியட்டும். 'மேட்ச்' பகுதியில் 'பெர்மனன்ட்மாக்அட்ரஸ்' (நீங்கள் எழுதிய மாக் முகவரி), 'லிங்க்' பகுதியில் 'நேம்' (புதிய பெயர்). எல்லாம் ஆங்கில எழுத்தில். பெயர் வான்0, லான்0 போல இருக்கட்டும், 15 எழுத்துக்கு மேற்படாமல். ஈத்0 என்று வைக்கவே கூடாது. கேர்னலும் அதே பெயரைக் கொடுத்து மோதும். 2013இல் வந்த ஈஎன்பி3எஸ்0 போன்ற பெயர்கள் பலகையில் காட் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. இன்னொரு காட் செருகினால் அந்த எண்ணும் நகரலாம்.

படி 4: பழைய பெயர் உள்ள இடமெல்லாம் திருத்துங்கள்: ஐபி அமைப்பு, டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்கும் சேவை), ஃபயர்வோல் (எதை உள்ளே விடுவது என்ற விதிகள்). ஃபயர்வோலைத் தவறவிட்டால் விதிகள் எந்தக் காட்டுக்கும் பொருந்தாமல் கிடக்கும். மாணவர் பக்கம் அடைபடலாம், வெளிப்பக்கம் திறந்திருக்கலாம்.

படி 5: டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையைச் சிறிய 'யு' தெரிவோடும், பழைய கேர்னலுக்கும் சேர்த்து 'கே ஆல்' தெரிவோடும் ஓட்டுங்கள். ட்ரைவர் தொடக்கப் படிமத்திலேயே (கேர்னலோடு முதலில் ஏறும் சிறிய கோப்புத் தொகுதி) ஏறினால் பெயரும் அங்கேயே வைக்கப்படும்; படிமத்தில் உங்கள் கோப்பு இல்லாவிட்டால் பழைய கதைதான்.

இனி மீளத் தொடக்கிப் பாருங்கள். பிறகு கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கேர்னலைத் தெரிந்து இன்னொருமுறை. இரண்டிலும் லான்0 அதே மாக் முகவரியில் நிற்கவேண்டும்.